லேன் கேபிளை மாற்றினால் வீட்டு இணையம் வேகமாகுமா? வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகள்

வீட்டில் இணையம் மெதுவாக இருக்கிறது என்றவுடன் லேன் கேபிளை மாற்றிப் பார்க்கலாம் என்ற யோசனை பலருக்கும் வருவதற்குக் காரணம், ரவுட்டரையோ இணைப்புத் திட்டத்தையோ மாற்றுவதைவிட அது மலிவாக முடிந்துவிடும் என்ற எண்ணம்தான். சில வீடுகளில் அந்த யோசனை பலிக்கிறது; 94 மெகாபிட்டில் முடங்கிக் கிடந்த இணைப்பு அன்றைக்கே 300-ஐத் தொட்டுவிடும். பெரும்பாலான வீடுகளில் ஒரு மெகாபிட்கூடக் கூடாமல் பணம் மட்டும் கரைகிறது. உங்கள் வீடு இவற்றில் எந்த வகை என்பதை எதையும் வாங்காமலேயே பத்து நிமிடத்தில் தெரிந்துகொள்ள முடியும். அதைத் தெரிந்துகொள்ளாமல் கடைக்குப் போகிறவருக்கு, தங்க முலாம் பூசிய முனையும் ‘கேட்-8’ என்ற அச்சும் கொண்ட தட்டையான கேபிள் ஒன்று கண்டிப்பாகக் காத்திருக்கும்.

உங்கள் வீட்டில் லேன் கேபிள் எங்கே இருக்கிறது?

தமிழ்நாட்டு வீடுகளுக்குக் கம்பிவழி இணையம் இப்போது பெரும்பாலும் இரண்டு வழிகளில் வருகிறது. தனி வீடுகளில், தெருக் கம்பத்திலிருந்து மெல்லிய ஃபைபர் வீட்டுக்குள் வந்து, ஓஎன்டி அல்லது ஓஎன்யூ எனப்படும் பெட்டியில் முடிகிறது. பேச்சுவழக்கில் அதையும் நாம் மோடம் என்றே சொல்லிவிடுகிறோம். சில அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஃபைபர் மொட்டைமாடியிலோ கீழ்த்தளத்திலோ உள்ள ஸ்விட்ச் (ஒரே இணைப்பைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கும் பெட்டி) வரை வந்து நின்றுவிட, அங்கிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் செப்பு லேன் கேபிள் இழுக்கப்படுகிறது.

ஃபைபரைப் பொறுத்தவரை நீங்கள் செய்ய வேண்டியது எதுவுமில்லை. கேட்-5, கேட்-6 என்ற வகைப்பாடு செப்புக் கம்பிக்கு உரியது; ஃபைபருக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஓஎன்டியின் பின்னால் உள்ள பச்சை முனையைக் கழற்றித் துடைத்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். அந்த முனையில் படியும் கண்ணுக்குத் தெரியாத தூசியே ஒளியைக் குறைக்கப் போதுமானது. முன்பு இருந்த வேகமும் போய்விடக்கூடும்.

ஓஎன்டியும் வைஃபையும் ஒரே பெட்டியாக இருந்து, வீட்டில் உள்ள எல்லோரும் கைப்பேசியையும் மடிக்கணினியையும் வைஃபையில் மட்டுமே பயன்படுத்துகிறார்கள் என்றால், அந்த வீட்டில் மாற்றுவதற்கு லேன் கேபிளே இல்லை. ஓஎன்டி தனி, வைஃபை ரவுட்டர் தனி என்றால் நிலைமை வேறு. இரண்டையும் இணைக்கும் முக்கால் மீட்டர், ஒரு மீட்டர் நீளமுள்ள சிறு கேபிள் ஒன்று இருக்கும். வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவியும், வைஃபையில் இயங்குபவை உட்பட, அந்தக் கேபிளைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். சுவருக்குள் ஓடும் நீளமான கேபிளைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள்கூட, தொலைக்காட்சிக்குப் பின்னால் தூசி படிந்து கிடக்கும் இந்த ஒரு மீட்டரைக் கவனிப்பதில்லை.

பார்க்க வேண்டிய எண்

லேன் கேபிளின் இரு முனைகளிலும் உள்ள கருவிகள், இணைந்தவுடன் தமக்குள் பேசி ஒரு வேகத்தை முடிவு செய்துகொள்கின்றன. இந்த வேகம் படிப்படியாகத்தான் அமையும்: விநாடிக்கு 10, 100, 1000 மெகாபிட், அதற்கு மேல் 2500 என்று போகும். கேபிள் சற்று மோசமாக இருப்பதால் 1000 என்பது 640 ஆகக் குறையாது; ஒன்று 1000, இல்லையென்றால் 100. வீட்டு இணைய வேகத்துக்கும் கேபிளுக்கும் உள்ள உறவின் பெரும்பகுதி இந்தப் படிக்கட்டில்தான் அடங்கியிருக்கிறது. உங்கள் திட்டம் 40 அல்லது 50 மெகாபிட் என்றால், 100 என்ற படியே அதற்குத் தாராளம். கேபிள் அறுந்தோ அழுகியோ போகாத வரை அதை மாற்றுவதால் பயன் கிடைக்காது. கேபிளைச் சந்தேகிக்க வேண்டியது, நூறும் அதற்கு மேலும் வாங்கியிருக்கும் வீடுகளில்தான்.

அந்த எண்ணைப் பார்ப்பது எளிது. மடிக்கணினியை ரவுட்டரின் லேன் போர்ட்டில், அதாவது கேபிள் செருகும் துளையில், கேபிள் கொண்டு இணைத்து, வைஃபையை அணைத்துவிடுங்கள். விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ் பகுதியில் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், பிறகு ஈதர்நெட் என்று போனால், லிங்க் ஸ்பீடு என்ற வரியில் 100/100 அல்லது 1000/1000 என்று இருக்கும். மேக் கணினியில் சிஸ்டம் செட்டிங்ஸில் நெட்வொர்க், ஈதர்நெட், டீடெய்ல்ஸ், ஹார்டுவேர் என்று போனால் இதே தகவல் கிடைக்கும். ஓஎன்டிக்கும் ரவுட்டருக்கும் இடையிலுள்ள சிறு கேபிளின் எண்ணைக் கணினி காட்டாது; பல ரவுட்டர்களின் நிர்வாகப் பக்கத்தில் வேன் (WAN) போர்ட்டின், அதாவது வெளி இணைப்பு வந்து சேரும் துளையின், நிலையைக் காட்டும் இடத்தில் அது இருக்கும்.

நிர்வாகப் பக்கத்துக்குள் நுழையத் தெரியாதவர்களுக்கு வேறொரு வழி இருக்கிறது. காலை நேரத்தில், வேறு யாரும் பயன்படுத்தாதபோது, கேபிளில் இணைத்த கணினியில் வேகச் சோதனையை மூன்று முறை ஓட்டுங்கள். 150 அல்லது 200 மெகாபிட் திட்டத்தில் மூன்று முறையும் 93, 94, 95 என்றே வந்து நின்றால், வழியில் எங்கோ ஓர் இணைப்பு 100-ஆம் படியில் நிற்கிறது என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லலாம். அந்த 94 எங்கிருந்து வருகிறது என்றால், லேன் கேபிளில் தரவு செல்லும் முறையான ஈதர்நெட்டில் ஒவ்வொரு முழுத் தரவுப் பொட்டலமும் தலைப்புகளும் இடைவெளியும் சேர்த்து 1538 பைட் இடத்தை எடுத்துக்கொள்ள, அதில் உங்கள் தரவு அதிகபட்சம் 1460 பைட்தான். கணக்குப் போட்டால் நூற்றுக்குச் சுமார் 95. கிகாபிட் (1000 மெகாபிட்) இணைப்பில் இதே காரணத்தால் சோதனை 940-ஐ ஒட்டி நிற்கும். அதற்கு மாறாக 60, 130, 85 என்று எண் அலைந்தால், பெரும்பாலும் கேபிளைத் தாண்டித் தேட வேண்டும்.

என் வீட்டில் 200 மெகாபிட் திட்டத்துக்குக் கட்டணம் செலுத்திக்கொண்டு எட்டு மாதம் 94-இல் இருந்தேன். சேவை மையத்தில் ரவுட்டரை அணைத்துப் போடச் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் அணைத்துப் போட்டேன். கடைசியில் பார்த்தால், சிறு கேபிளின் ஒரு முனையில் பழுப்புக் கம்பி, முனைத் தலையிலுள்ள உலோக ஊசியைத் தொடாமலேயே கிரிம்ப் செய்யப்பட்டிருந்தது, அதாவது கருவியால் அழுத்திப் பொருத்தப்பட்டிருந்தது.

100 என்று காட்டினால்

ஏன் ஒரு கம்பி போனால் வேகம் பத்தில் ஒன்றாகிறது என்பதைப் புரிந்துகொண்டால், தேடுவது எளிதாகும். லேன் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள் நான்கு ஜோடிகளாக முறுக்கப்பட்டிருக்கின்றன. 100 மெகாபிட் முறைக்கு இரண்டு ஜோடி போதும். வழக்கமான நிற வரிசையில் அவை ஆரஞ்சும் பச்சையும். கிகாபிட் முறைக்கு நான்கு ஜோடியும் வேண்டும். ஆகவே நீலத்திலோ பழுப்பிலோ ஒரு கம்பி துண்டிக்கப்பட்டால், பல கருவிகள் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கி வேலையைத் தொடரும். இணையம் வருகிறது, விளக்கு எரிகிறது, எனவே யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

முதலில் கேபிள் முனையின் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தலையை வெளிச்சத்தில் பிடித்துக் கம்பிகளை எண்ணுங்கள். மலிவான பெட்டிகளோடு வரும் சில கேபிள்களில் நான்கே கம்பிகள் இருக்கும். அவற்றால் 100-ஐத் தாண்டவே முடியாது. எட்டும் இருந்தால், வேகமாக இயங்குவதாக உறுதியாகத் தெரிந்த வேறொரு கேபிளை அதே இடத்தில் செருகி, எண் மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் பழைய கேபிளைத் தூக்கிப் போடலாம். மாறாவிட்டால் குற்றம் போர்ட்டில் இருக்கிறது.

போர்ட்டை மறந்துவிட்டுக் கேபிளை மட்டும் மாற்றுவதே இந்த விஷயத்தில் நான் அதிகம் கண்ட வீண்செலவு. பெட்டியின் மேல் 750, 1200 என்று பெரிய எண்ணை அச்சிட்டிருக்கும் ரவுட்டர்களிலும், அந்த எண் வைஃபையின் இரண்டு அலைவரிசைகளின் கூட்டுத்தொகையாக மட்டுமே இருந்து, பின்னால் உள்ள போர்ட்டுகள் 10/100 வகையாக இருப்பது உண்டு. விவரக் குறிப்பில் ‘10/100/1000’ என்றோ ‘கிகாபிட்’ என்றோ தெளிவாக எழுதியிருக்க வேண்டும். தொலைக்காட்சிகளில் இது இன்னும் விசித்திரம்: விலை உயர்ந்த மாடல்கள் பலவற்றிலும் லேன் போர்ட் 100 மெகாபிட் வகைதான், அவற்றுக்குக் கேட்-6 போட்டாலும் கேட்-8 போட்டாலும் 100-ஐத் தாண்டாது. ஒரு 4கே படத்துக்குப் பொதுவாக 25 மெகாபிட் போதும் என்பதால் அதில் நட்டமும் இல்லை. யூஎஸ்பி வழி லேன் அடாப்டர்களிலும் 100 மெகாபிட் வகை தாராளமாக விற்கப்படுகிறது.

அடுக்குமாடியில் ஸ்விட்சிலிருந்து செப்புக் கேபிள் வரும் வீடுகளில் இன்னொன்றையும் சோதிக்க வேண்டும். கேபிளை மிச்சப்படுத்துவதற்காக ஒரே கேபிளின் நான்கு ஜோடிகளை இரண்டிரண்டாகப் பிரித்து இரண்டு வீடுகளுக்குக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. அப்படிப் பிரிக்கப்பட்டிருந்தால் எவ்வளவு பெரிய திட்டம் வாங்கினாலும் 100-தான் வரும். வீட்டுக்குள் எதை மாற்றியும் பயனில்லை, புதுக் கேபிள் இழுத்துத் தரச் சொல்லிக் கேட்க வேண்டும். ஸ்விட்சிலிருந்து உங்கள் வீடு வரை 100 மீட்டருக்கு மேல் இருந்தாலும் கேட்பதற்கு உங்களுக்கு நியாயம் உண்டு. ஈதர்நெட் செப்புக் கேபிளுக்குத் தரம் வகுத்த எல்லை அது.

1000 என்று காட்டியும் மெதுவாக இருந்தால்

அப்போது கேபிளை விட்டுவிடலாம், ஒரே ஒரு விதிவிலக்கோடு. இணைப்பு 1000 என்று காட்டினாலும் வழியில் பொட்டலங்கள் தொலைந்துகொண்டிருக்கக்கூடும். தொலைந்தவை மறுபடி அனுப்பப்படுவதால் வேகம் சரியும். கணினியின் கட்டளைத் திரையில் ரவுட்டரின் முகவரிக்கு, பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1, நூறு முறை பிங் (பதில் கேட்டு அனுப்பும் சிறு சோதனைச் செய்தி) அனுப்பிப் பாருங்கள். நல்ல கேபிளில் ஒன்றுகூடத் தொலையக் கூடாது. பதில் நேரமும் ஒரு மில்லி விநாடியை ஒட்டியே இருக்க வேண்டும். தொலைந்தால் முனைகளைக் கழற்றிச் செருகிப் பாருங்கள், பிறகு கேபிளை மாற்றுங்கள்.

அதுவும் சரியாக இருந்தால், கேபிளில் நல்ல வேகமும் கைப்பேசியில் மோசமான வேகமும் வருகிறதா என்று பார்க்க வேண்டும். அப்படி வந்தால் காரணம் வைஃபை. பழைய 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், ஒற்றை ஆன்டெனா கொண்ட கைப்பேசி சாதாரணமாக 72 மெகாபிட்டில் இணையும். நடைமுறையில் அதில் பாதி கிடைத்தால் நல்லது. அந்தக் கைப்பேசியை வைத்துக்கொண்டு 300 மெகாபிட் திட்டத்தைக் குறை சொல்ல முடியாது. தரவிறக்க வேகத்தைப் பைட்டில் காட்டும் செயலிகளைப் பார்த்துக் குழம்புவதும் உண்டு: 100 மெகாபிட் என்பது விநாடிக்கு 12.5 மெகாபைட்.

இணையத்தில் விளையாடுகிறவர்கள் பிங், அதாவது பதில் வரும் நேரம், குறையும் என்று நினைத்து உயர்ந்த வகைக் கேபிள் வாங்குவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. செப்புக் கம்பியில் சைகை ஒரு மீட்டரைக் கடக்கச் சுமார் ஐந்து நானோ விநாடி ஆகிறது. இருபது மீட்டருக்கு நூறு நானோ விநாடி, அதாவது ஒரு மில்லி விநாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. எந்த வகைக் கேபிளானாலும் கணக்கு ஏறத்தாழ இதுதான். வைஃபையிலிருந்து கேபிளுக்கு மாறினால் விளையாட்டு சீராகும். கேட்-5இ கேபிளிலிருந்து கேட்-8-க்கு மாறினால் ஒன்றும் ஆகாது.

கேபிள் நிஜமாகவே வேகத்தைக் கூட்டும் இடம்

பழைய கேபிளுக்குப் பதில் புதிய கேபிள் என்ற கேள்வியைவிட, கேபிளே இல்லாத இடத்துக்குக் கேபிள் என்ற கேள்வி பெரும்பாலான வீடுகளுக்குப் பயன் தரும். நம் வீடுகள் செங்கல்லாலும் கான்கிரீட்டாலும் ஆனவை. கீழே கூடத்தில் தொலைக்காட்சிக்குப் பின்னால் ரவுட்டர் இருக்க, மாடி அறையில் பிள்ளைகள் படிக்கும் வீட்டில், தளத்தில் உள்ள இரும்புக் கம்பி வலையைத் தாண்டி 5 கிகாஹெர்ட்ஸ் அலை மேலே போய்ச் சேர்வதற்குள் களைத்துவிடுகிறது. அங்கே வைஃபை அலையை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டரை வைத்தால், அது வாங்குவதையும் அனுப்புவதையும் ஒரே அலைவரிசையில் செய்யும்போது வேகம் சுமார் பாதியாகிறது. மாறாக, கூடத்திலிருந்து மாடிக்கு ஒரு கேட்-6 கேபிளை இழுத்து, அதன் முனையில் ஓர் ஆக்சஸ் பாயிண்ட்டை (கேபிளில் வரும் இணைப்பை வைஃபையாகத் தரும் பெட்டி) வைத்தால், மாடியிலும் கூடத்துக்கு இணையான வேகம் கிடைக்கும். பழைய ரவுட்டர் ஒன்று சும்மா கிடந்தால் அதையே ஆக்சஸ் பாயிண்ட்டாக மாற்றிக்கொள்ளலாம், அதன் போர்ட் கிகாபிட் வகையாக இருக்கும் பட்சத்தில். வீடு முழுக்க ஒரே வைஃபையைத் தர ஒன்றோடொன்று இணைந்து இயங்கும் மெஷ் பெட்டிகள் வாங்கியிருப்பவர்களுக்கும் இதே அறிவுரைதான்: இரண்டு பெட்டிகளையும் கேபிளால் இணைத்தால் அவை தங்களுக்குள் பேசிக்கொள்ள வைஃபையைச் செலவழிக்க வேண்டியதில்லை.

எதை வாங்குவது

1999-இல் வெளியான கிகாபிட் ஈதர்நெட் தரம், அப்போது கட்டடங்களில் ஏற்கெனவே பதிக்கப்பட்டிருந்த கேட்-5 கேபிளில் ஓடுவதற்காகவே வடிவமைக்கப்பட்டது. 2016-இல் வந்த 2.5 கிகாபிட் தரமும் கேட்-5இ கேபிளில் 100 மீட்டர் ஓடும். ஆகவே சுவருக்குள் நல்ல கேட்-5இ கேபிள் இருந்தால் அதை உடைத்து எடுக்க எந்தத் தேவையும் இல்லை. புதிதாக இழுக்கிறீர்கள் என்றால் கேட்-6 வாங்குங்கள். விலை வேறுபாடு சிறியது, சுவரை மறுபடி உடைக்கும் செலவு பெரியது. கேட்-6 கேபிளில் 10 கிகாபிட் வேகமே சுமார் 55 மீட்டர் வரை போகும், வீட்டுக்குள் அதைவிட நீளம் அரிது. கேட்-6ஏ 100 மீட்டர் வரை போகும், ஆனால் தடிமனானது, பழைய பைப்பில் நுழையாது. கேட்-8 தரவு மையங்களில் 30 மீட்டருக்குள் 25, 40 கிகாபிட் ஓட்டுவதற்கானது. கேட்-7 என்று, லேன் கேபிள்களின் வழக்கமான பிளாஸ்டிக் தலையான ஆர்ஜே-45 முனையோடு விற்கப்படுபவை, அந்தத் தரம் வகுத்த முனையையே கொண்டிருப்பதில்லை.

வகை எண்ணைவிட முக்கியமானது உள்ளே இருக்கும் உலோகம். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பல கேபிள்கள் சிசிஏ வகை, அதாவது அலுமினியக் கம்பியின் மேல் செப்பு முலாம். அலுமினியத்தின் மின்கடத்து திறன் செப்பினுடையதில் சுமார் 60 விழுக்காடுதான். நீளம் கூடக்கூடப் பிழைகள் கூடும், வளைத்தால் எளிதில் ஒடியும், கேபிள் வழியாகவே மின்சாரம் பெறும் சிசிடிவி கேமராக்களுக்குப் போட்டால் சூடாகும். கேட்-5இ, கேட்-6 தரங்கள் செப்பை மட்டுமே ஏற்கின்றன, ஆகவே சிசிஏ கேபிளின் மேல் கேட்-6 என்று அச்சிட்டிருப்பதே பொய். கடையில் ஒரு கம்பியை வாங்கிப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள்: உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். 305 மீட்டர் பெட்டியைக் கையில் தூக்கிப் பார்த்தே கண்டுபிடித்துவிடும் டெக்னீஷியன்கள் இருக்கிறார்கள், செப்பு அவ்வளவு கனம்.

இழுக்கும்போது

சுவருக்குள் போவதற்கு ஒற்றைத் திடக் கம்பி கொண்ட கேபிளும், பெட்டிகளை இணைக்க நெகிழ்வான பேட்ச் கார்டும் வேண்டும். மின்கம்பி ஓடும் பைப்புக்குள் லேன் கேபிளை இழுக்க எலெக்ட்ரீஷியன் முன்வந்தால் மறுத்துவிடுங்கள். சைகையில் இரைச்சல் ஏறுவது ஒருபுறம், கம்பி உராய்ந்து 230 வோல்ட் லேன் கேபிளில் பாய்ந்தால் உயிருக்கே ஆபத்து. கேபிளின் விட்டத்தைப்போல் நான்கு மடங்குக்குக் குறைவான ஆரத்தில் அதை வளைக்கக் கூடாது.

கிரிம்பிங் செய்யும்போது, கிளிப் கீழே இருக்க, கம்பி நுழையும் வாய் உங்களைப் பார்க்க, இடமிருந்து வலமாக வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு என்ற வரிசையை இரு முனைகளிலும் வையுங்கள். இரு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் போதும் என்று நினைத்து ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பழுப்பு ஜோடி என்று பக்கம் பக்கமாக அடுக்குபவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் மூன்றாவது, ஆறாவது ஊசிகள் வெவ்வேறு ஜோடிகளின் கம்பிகளைப் பெறும். எட்டு விளக்குகள் கொண்ட சாதாரண டெஸ்டரில் எல்லா விளக்கும் வரிசையாகவே எரியும், இணைப்பு மட்டும் பிழைகளால் தள்ளாடும். முறுக்கை அவிழ்ப்பதும் 13 மில்லி மீட்டருக்குள் இருக்கட்டும், இரைச்சலைத் தடுப்பது அந்த முறுக்குத்தான்.

ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்கு, அல்லது மொட்டைமாடி வழியாகத் திறந்த வெளியில் செல்ல வேண்டியிருந்தால், செப்பை விட்டுவிட்டு இரு முனைகளிலும் மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரையும் லேன் கேபிளையும் இணைக்கும் சிறு பெட்டி) வைத்து ஃபைபர் போடுவதே நல்லது. மழைக்காலத்தில் அருகில் இடி விழுந்தாலும் கண்ணாடியிழை வழியாக மின்னல் உள்ளே வந்து போர்ட்டுகளைப் பொசுக்காது. வீட்டுக்குள் இழுத்த செப்புக் கேபிளுக்கோ, மேஸ்திரி சுவரைப் பூசுவதற்கு முன்பே, ஒரு முனையை ரவுட்டரிலும் மறு முனையை மடிக்கணினியிலும் செருகி, 1000/1000 என்ற எண்ணைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.